பிரிக்காவை எழுதியது யார்?

சிக்ஸ்டன் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து திரும்பியபோது அவனுடைய மடிக்கணினியின் முதுகில் புதிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே இல்வா தான் எழுதிய நிரலுக்கெல்லாம் இன்னொரு பிரதி எடுத்து வைத்தாள்.

ஒரு ஸ்டிக்கருக்கா இந்தப் பயம் என்று கேட்கலாம். சிக்ஸ்டனிடம் வேலை பார்க்காதவர்கள் கேட்பார்கள். முந்தைய ஸ்டிக்கர் வந்த வருஷம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றை நட்டார்கள். அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. அதற்கும் முந்தைய ஸ்டிக்கரில் நாற்காலிகளுக்கு வந்தது கேடு. எல்லோரும் நின்றுகொண்டு நிரல் எழுதினார்கள், முழங்கால் வலி வரும்வரை. தொழில்நுட்பத் தலைவர் என்ற பதவிக்குச் சிக்ஸ்டன் கண்டுபிடித்திருந்த அர்த்தம் இதுதான்: ஓடுவது எதுவோ அதை நிறுத்து.

இந்த முறை ஸ்டிக்கரில் நீலமும் வெள்ளியுமாக மின்னிய பெயர் ‘ஸ்கிம்ரா’.

கோதன்பர்க் துறைமுகத்துக்குப் பின்னால், மூடிப்போன கயிற்று ஆலையின் மேல்மாடியில் இருந்தது அவர்கள் கம்பெனி. முதியவர்களின் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்து, குளிப்பாட்டி, சாப்பாடு சூடுபண்ணிக் கொடுக்கும் பணியாளர்களுக்காக ‘ரோண்டன்’ என்ற கைபேசிச் செயலியைச் செய்து நகராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். அடுத்து எந்த வீடு, யாருக்கு என்ன மாத்திரை, எவ்வளவு, கொடுத்தாயிற்றா இல்லையா. அவ்வளவுதான் ரோண்டன். பார்க்க அழகில்லை. ஆனால் பனியில் விறைத்த விரலுக்கும் கையுறை போட்ட விரலுக்கும் அது பணிந்தது. ஆண்ட்ராய்டில் அதை எழுதியவள் இல்வா. ஐபோனில் எழுதியவன் மெல்கர். இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் செதுக்கிய வேலை.

காபி நேரத்தில் சிக்ஸ்டன் எல்லோரையும் கூட்டினான். மேஜை நடுவே இலவங்கப்பட்டை பன் தட்டு. சுவரில் ஸ்கிம்ரா.

முதலில் காட்டியது ஒரு பொத்தான். அதற்கு மேலே ஓர் எண். பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று ஏறும். இதற்கு எத்தனை வரி நிரல் பாருங்கள் என்று சிக்ஸ்டன் புளகாங்கிதப்பட்டான். உண்மைதான், விரல் விட்டு எண்ணிவிடலாம். திரைக்குப் பொத்தானும் பட்டியலும் எழுத்தும் கட்டித் தருகிற எந்த ஃபிரேம்வொர்க் பிறந்தாலும் இந்த எண்ணும் பொத்தானோடுதான் பிறக்கிறது. பொத்தானை அழுத்தி எண்ணை ஏற்றும் செயலி வேண்டும் என்று கேட்டு வந்த வாடிக்கையாளர் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. இருந்தாலும் மாநாடு மாநாடாக இதற்குக் கைதட்டுகிறார்கள்.

அடுத்ததாக வந்தது ‘பிரிக்கா’.

அங்கேதான் இல்வாவே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாய்மரப் படகு சங்கங்களில் படகைக் கட்டி நிறுத்தும் இடத்தை முன்பதிவு செய்கிற செயலி அது. ஸ்கிம்ராவில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு அதை விற்கும் கம்பெனியே காட்டுகிற மாதிரி. கைபேசி கைமாறி வந்தது. பட்டியல் விரலோடு வழுக்கிக்கொண்டு போய், முடிகிற இடத்தில் அலை கரையைத் தொடுவதுபோல் நின்றது. திறக்கும்போது ஸ்கிம்ராவின் இலச்சினை வெள்ளி மீன் போல ஒருமுறை பளபளத்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

யாரோ நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த ஊரில் அது பெரிய வார்த்தை.

சிக்ஸ்டன் திட்டத்தைச் சொன்னான். ஒருமுறை எழுதினால் போதும், இரண்டு கைபேசிகளிலும் ஓடும். இரண்டு ரோண்டன்களையும் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்கிம்ராவில் ஒரே ரோண்டன். மெல்கருக்குப் பயிற்சி. இல்வாவுக்கு, அவள் அனுபவத்தை மதித்து, வாடிக்கையாளர் உதவி மேஜை. தொலைபேசியில் கடவுச்சொல் மறந்தவர்களோடு பேசும் வேலை.

இதை அவன் முடிவு என்று சொல்லவில்லை. அங்கே யாரும் முடிவு எடுப்பதில்லை. எல்லோருக்கும் மனசுக்குச் சரியென்று படும்வரை காத்திருப்பார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது முடிவு. யாரும் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. அன்றைக்குத் தட்டில் கடைசியாக மிஞ்சிய பன்னை ஒருவர் பாதியாக வெட்டிப் பாதி எடுத்தார். அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக்கினார். கூட்டம் கலைந்தபோது கட்டைவிரல் நகமளவு பன் தட்டில் அனாதையாகக் கிடந்தது. கடைசித் துண்டை எடுக்கிற துணிச்சல் அந்த ஆபீசில் ஒருத்தருக்கும் கிடையாது.

ஸ்கிம்ராவின் ஆள் காஸ்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நேரில் வருவான். அதற்குள் ரோண்டனின் ஒரு திரையை ஸ்கிம்ராவில் செய்து பார்க்க வேண்டும். யார் செய்வது? ரோண்டனை நன்றாக அறிந்தவள் இல்வாதானே என்றான் சிக்ஸ்டன், முகத்தில் கள்ளமே இல்லாமல். தனக்கான குழியை அவளையே அளவெடுத்து வெட்டச் சொல்கிறோம் என்பதுகூட அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை, வழக்கமான பட்டாணி சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து மெல்கர் கேட்டான்: “நிஜமாவே செஞ்சு பார்க்கப் போறியா?”

“பார்க்காம எப்படி வேணாங்கறது?”

“சும்மா வேணாம்னு சொல்லு. நான் சொன்னா வயித்தெரிச்சல்ம்பாங்க. நீ சொன்னா வயசாயிடுச்சும்பாங்க. ஆனா சொல்லிட்டோம்ல.”

“அந்தப் பிரிக்கா நல்லா இருக்குடா, மெல்கர்.”

மெல்கர் சூப்பில் கடுகு விழுதை அடித்துக் கலக்கினான். “ஆமா,” என்றான் வெறுப்போடு. “அதான் எரிச்சலா இருக்கு.”

இல்வா நேர்மையான பிறவி. எதிரியின் ஆயுதமானாலும் ஒழுங்காகச் சுத்தம் செய்துதான் சுடுவாள். மாத்திரைத் திரையை எடுத்துக்கொண்டாள். மேலே முதியவரின் பெயர், நடுவே மாத்திரையும் அளவும், கீழே ‘கொடுத்தாயிற்று’ என்ற பெரிய பொத்தான்.

காலையில் ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் திரை எழும்பி நின்றது. அவளுக்கே ஆச்சரியம். ஸ்கிம்ராக்காரர்கள் சொன்னது அவ்வளவும் உண்மை போலிருந்தது.

ஸ்கிம்ராவின் உண்மையெல்லாம் அந்த மத்தியானத்தோடு முடிந்தது.

மறுநாள் நீளமான ஒரு மாத்திரைப் பெயர் பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. காரணம் தேடினாள். ஸ்கிம்ரா சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது: வரைவு மரத்தில், அதாவது திரையின் துண்டுகளைக் கிளை கிளையாக அடுக்கிய இடத்தில், ஏதோ பிசகு. எந்த மரம், எந்தக் கிளை? அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்று அதற்கு நினைப்பு. கைபேசியின் சொந்தப் பொத்தானையாவது உள்ளே கொண்டுவந்து வைக்கலாம் என்று வழி தேடினாள். வழி இல்லை. ஸ்கிம்ரா எதையும் கைபேசியிடம் கேட்பதில்லை. பொத்தான், எழுத்து, நிழல் எல்லாவற்றையும் தானே ஒரு வெற்றுப் பலகையில் வரைந்துகொள்கிறது. அதை ஒரு பெருமையாகவே அவர்கள் இணையதளத்தில் போட்டிருந்தார்கள்: எல்லாக் கைபேசியிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி. உள்ளே வந்தவன் வெளியே போக ஜன்னல்கூட வைக்காமல் கட்டிய மாளிகை.

எப்படியோ முட்டி மோதித் திரையை முடித்து, குன்வோரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். குன்வோர் மயோர்னா பேட்டையில் வீடு வீடாகப் போகும் பணியாளர். ரோண்டனில் எது மாறினாலும் இல்வா முதலில் அவளிடம்தான் கொடுப்பாள். குடியிருப்பு வாசலில், மழைக்கோட்டோடு நின்றபடியே குன்வோர் கைபேசியை வாங்கினாள். கிட்டே கொண்டுபோனாள். எட்டப் பிடித்தாள். கண்ணாடியில் நீராவி படிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“என்னம்மா, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து? ரெண்டரையா இது, இருபத்தஞ்சா?”

“ரெண்டரை.”

“புள்ளியே தெரியலையே. என் போன்ல எழுத்தையெல்லாம் பெருசாக்கி வெச்சிருக்கேன்ல, பழசுல பெருசாத்தானே தெரியும்?”

 குன்வோர் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு ஒரு கிழவருக்கும் தான் மாத்திரை கொடுக்க முடியாது என்று சொல்லி மாடியேறிப் போய்விட்டாள்.

டிராமில் திரும்பி வரும்போது இல்வா தன் ரோண்டனை நினைத்துப் பார்த்தாள். எழுத்தைப் பெரிதாக்க அவள் அதில் என்ன எழுதியிருந்தாள்? யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. எதுவுமே எழுதவில்லை. கைபேசியின் சொந்த எழுத்துப் பெட்டியை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். குன்வோர் தன் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினாள். பெட்டி அதைத் தானாகவே கேட்டுக்கொண்டது. அவள் மறந்ததை அது மறக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் அதற்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அதன் பெயரில் ஸ்டிக்கர் யாரும் அடித்துக் கொடுத்ததும் இல்லை.

ஸ்கிம்ராவின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டாள். சிரித்த முகப் படத்தோடு பதில் வந்தது. எழுத்து பெரிதாவது எதிர்காலத் திட்டத்தில் இருக்கிறதாம். ஆனால் அது ஒரு சில பேருக்கான ஓர விவகாரமாம். கண் மங்குவது ஓர விவகாரம். அவர்களில் ஒருவனுக்கும் நாற்பது வயது தாண்டியிருக்காது.

அந்தப் பதிலைப் படித்த கையோடு, ஏதோ தோன்றி, கைபேசியில் எழுத்தை உச்சத்துக்குப் பெரிதாக்கிவிட்டுப் பிரிக்காவைத் திறந்தாள்.

எழுத்து பெரிதாகியது.

சும்மா பெரிதாகவில்லை. நீளமான படகுப் பெயர்கள் இரண்டு வரியாக மடிந்தன. பொத்தான்கள் விலகி இடம் விட்டன. ஒன்றும் உடையவில்லை.

அப்படியானால் தப்பு தன் மேல்தான் என்று இல்வா முடிவு செய்தாள். பொய் சொல்லியிருப்பார்கள் என்று ஒருத்தி முதலில் நினைக்க வேண்டாமா? அவளுக்கு அது கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் தன் நிரலைத் தலைகீழாகப் புரட்டினாள், ஆவணங்களைக் கரைத்துக் குடித்தாள், கனவில்கூட வரைவு மரம் வந்தது. ஸ்கிம்ராவின் எண்ணும் பொத்தானில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அவர்களுடைய மற்ற மாதிரிகளில் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பிரிக்கா மட்டும் பெரிதானது.

மெல்கர் குழந்தைக்குக் காய்ச்சலென்று வீட்டில் இருந்துவிட்டு வந்த அன்று, இரண்டு பேரும் தங்கள் கைபேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிரிக்காவைத் திறந்தார்கள். படகு கட்ட ஒரு தேதி தேர்ந்தெடுக்கப் போனார்கள். இல்வாவின் ஆண்ட்ராய்டில் மாதக் காட்டி விரிந்தது. மெல்கரின் ஐபோனில் சுழலும் சக்கரம் வந்தது. அது அது அந்தந்தக் கைபேசியின் சொந்தப் பழக்கம்.

“அச்சு அசலா ஒரே மாதிரின்னு சொன்னாங்களே?” என்றான் மெல்கர்.

இல்வா சக்கரத்தை மெல்லச் சுழற்றினாள். நாள் மாறும்போதெல்லாம் விரல் நுனியில் நுணுக்கமாக ஒரு துடிப்பு. ஏற்கெனவே பதிவான நாளைக் கடக்கும்போது மட்டும் துடிப்பு கொஞ்சம் மந்தமாக இருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது தானாக வருவது இல்லை. இதை யாரோ ஒரு ஆள், வேலையில் கிறுக்குப் பிடித்த ஆள், உட்கார்ந்து செய்திருக்கிறான்.

“இது ஸ்கிம்ரா இல்ல,” என்றாள்.

மெல்கர் சும்மா இருப்பானா? பிரிக்காவின் கோப்புப் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டான். உள்ளே ஸ்கிம்ராவின் எந்திரம், திரையை வரைகிற அந்த நிரல், முழுசாக உட்கார்ந்திருந்தது. மெல்கர் முகம் விழுந்துவிட்டது. பொதியைக் காட்டினால் காஸ்பர் சிரித்தபடி தப்பித்துவிடுவான். எந்திரம் உள்ளே இருக்கிறது. ஓடுகிறதா தூங்குகிறதா என்று கூட்டத்தில் யார் கண்டார்கள்?

“கூட்டத்துல நேராக் கேட்டுடு,” என்றான் மெல்கர். “பொய்தானேன்னு.”

“கேட்டா எல்லாரும் குனிஞ்சு அவங்கவங்க ஷூவைப் பார்ப்பாங்க. நான் கெட்டவ ஆயிடுவேன். அவன் ஜெயிச்சுடுவான்.”

“அப்போ?”

இல்வா இன்னும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். “இதைச் செஞ்சவனை யாராவது பாராட்டியிருப்பாங்கன்னு நினைக்கறே?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவரும் முறை இல்வாவுடையது. மர்சிபான் என்ற பச்சைப் பாதாம் விழுது போர்த்திய பெரிய கேக்காக வாங்கி வந்தாள். காஸ்பர் வந்தான். நனைந்த குடை, விலை உயர்ந்த மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் கற்றையாக ஸ்டிக்கர். அதைச் சீட்டு போடுவதுபோல மேஜையில் விசிறினான். சிக்ஸ்டன் இரண்டு எடுத்துக்கொண்டான்.

காஸ்பர் பேசத் தெரிந்தவன். எண்ணும் பொத்தானை வெட்கமில்லாமல் மறுபடி காட்டினான். பிறகு பிரிக்காவை மெல்கரின் ஐபோனிலிருந்து சுவரில் விழவைத்தான். இல்வா எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். அவன் சந்தோஷமாகப் பெரிதாக்கினான். சுவர் முழுக்கப் படகுப் பெயர்கள் அழகாக வளர்ந்து மடிந்தன. சிக்ஸ்டன் இல்வாவைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தாயா என்பதுபோல.

இல்வா தன் மாத்திரைத் திரையைக் காட்டினாள். அது குன்வோரின் எறும்புகளாகவே நின்றது.

காஸ்பர் தலையைச் சாய்த்து, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னான்: “பழைய பழக்கத்துல யோசிக்கறே நீ. ஸ்கிம்ரா மாதிரி யோசிக்க ஆரம்பிச்சா எல்லாம் தானா வந்துடும்.”

அறையில் இருந்தவர்கள் இல்வாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மேஜை மேல் இருந்த ரோண்டனின் உயிர் அந்த நிமிஷம் ஊசலாடியது. உதவி மேஜையின் தொலைபேசி ஒலிப்பதுகூட அவளுக்குக் கேட்டது.

“இருக்கும்,” என்றாள் இல்வா பணிவாக. “நான்தான் சரியாப் புரிஞ்சுக்கலை. ஸ்கிம்ரா எவ்வளவு பண்ணுதுன்னு இப்பதான் தெரியுது. அந்தத் தேதிச் சக்கரத்துல விரலுக்கு ஒரு துடிப்பு வருதே, அது ஸ்கிம்ராவே பண்ணிடுதா?”

“ஆமா,” என்றான் காஸ்பர்.

“பதிவான நாள்ல மட்டும் மந்தமா வருதே. அதுவும் தானாவா?”

காஸ்பர் அவளை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தான். “அதைக் கவனிச்சியா?”

“கவனிச்சேன். ஸ்கிம்ராதானே?”

“ம். ஸ்கிம்ராதான்.”

அந்த ‘ம்’ சற்றுத் தாமதமாக வந்தது. இல்வா அதைக் கேட்டுக்கொண்டாள். கண் தெரியாதவர்களுக்காக வாசித்துக் காட்டும் குரலை ஐபோனில் போட்டுப் பார்த்ததையும் சொன்னாள். மற்ற செயலிகளில் அந்தக் குரல் துண்டு துண்டாக உளறும். பிரிக்காவில் அது ஒரு முழு வாக்கியமாக, தெற்குத் துறையில் மூன்றாவது இடம் காலி, காற்று படாது என்று ஒரு மனுஷர் சொல்வதுபோலச் சொல்கிறது. கேட்டுவிட்டு அசந்துபோய் உட்கார்ந்திருந்ததாக எல்லோருக்கும் சொன்னாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

காஸ்பரின் காதுகள் சிவந்தன. அந்த நாட்டில் ஒருவன் தன் வேலையைத் தானே புகழ்ந்துகொண்டால் அசிங்கம். அடுத்தவன் வேலையைப் புகழ்வதும் கிட்டத்தட்ட அதே அசிங்கம். வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்தவன் முன்னால் அவள் ஒவ்வொரு கவளமாக நீட்டினாள். நீட்டி, அவன் வாயைத் திறந்ததும் கையைத் திருப்பி ஸ்கிம்ராவுக்கு ஊட்டினாள்.

“அதுதான் ஸ்கிம்ராவோட அழகு,” என்று சிக்ஸ்டனைப் பார்த்துத் தொடர்ந்தாள். “எழுதறவனுக்கு ஒரு தெறமையும் வேண்டியதில்லை. யாரோ ஒரு கத்துக்குட்டி ஒரு மத்தியானத்துல இந்தப் பிரிக்காவைத் தட்டிப் போட்டிருப்பான். மிச்சத்தை ஸ்கிம்ரா பார்த்துக்கிட்டிருக்கும்.”

“சரியாச் சொன்னே,” என்றான் சிக்ஸ்டன், பூரித்துப்போய். “கத்துக்குட்டிகூடப் பண்ணலாம்.”

“கத்துக்குட்டியா?” என்றான் காஸ்பர்.

 அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

“அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு குளிர்காலம் பூரா உட்கார்ந்தேன். கண் தெரியாத ஒருத்தரோட படகுலயே போயிருக்கேன், அவருக்கு எது முதல்ல தெரியணும்னு. அந்தத் துடிப்பு இருக்கே, அதை எத்தனை தடவை மாத்தினேன் தெரியுமா? ஸ்கிம்ராவுக்கு இதெல்லாம் எங்கே வரும்? போனோட சொந்தச் சக்கரத்தை எடுத்து...”

பாதியில் வாயை மூடிக்கொண்டான். 

மெல்கர் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “போனோட சொந்தச் சக்கரம்னா, ஐபோன்ல ஐபோனோடது. ஆண்ட்ராய்டுல?”

காஸ்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அது தனியா எழுதினது.”

“அப்போ ரெண்டு தடவை எழுதினே.”

“ரெண்டு தடவை எழுதினேன்.”

ஒருமுறை எழுதினால் போதும் என்று ஊருக்கெல்லாம் விற்பதற்காக ஒருத்தன் இரண்டு முறை எழுதியிருக்கிறான். அதுவும் எதில்? எதைத் தூக்கிப் போடச் சொல்லி வந்திருக்கிறானோ அதில்.

“பிரிக்காவுக்குள்ள ஸ்கிம்ரா எந்திரம் இருக்கே,” என்றான் மெல்கர். “அது எதுக்கு?”

காஸ்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். “தொறக்கும்போது லோகோ மின்னுதுல்ல,” என்றான். “அதுக்கு.”

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். சிக்ஸ்டன் கொஞ்ச நேரம் தன் மடிக்கணினி முதுகைத் தடவினான். 

“இல்வா, உனக்கு எந்த ஃபிரேம்வொர்க்தான் பிடிக்கும்?” என்று கேட்டான், அவள்தான் ஏதோ விருந்தில் குறை சொல்லிவிட்டதுபோல. முதலாளியைக்கூட ‘நீ’ என்று கூப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம். அதனால் அவளும் தயங்காமல் சொன்னாள்.

“நான் எழுத மறந்ததுக்கும் பொறுப்பெடுத்துக்கிறது எதுவோ அது. நான் ஜெயிக்கறப்ப கண்ணுலயே படக்கூடாது. நான் சறுக்கினா, எங்கே சறுக்கினேன்னு சொல்லணும். அதால முடியலைன்னா வழியை விட்டு விலகணும். உன் எண்ணும் பொத்தான் எத்தனை வரின்னு எனக்கு அக்கறை இல்ல, சிக்ஸ்டன். குன்வோருக்கு ரெண்டரை ரெண்டரையாத் தெரியணும்.”

சிக்ஸ்டன் தலையாட்டினான். இது சுவாரசியமான பார்வை என்றான். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் நிதானமாக யோசிக்கலாம் என்றான். அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். அது சாவு மணி. அப்படிச் சொல்லப்பட்ட எதுவும் மறுபடி மேஜைக்கு வந்ததில்லை. ஸ்கிம்ரா செத்தது, ரோண்டன் பிழைத்தது. பிழைத்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. திங்கட்கிழமை குன்வோர் மயோர்னாவில் பழைய ரோண்டனைத் திறப்பாள், எழுத்து பெரிதாகத் தெரியும்; நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவே போவதில்லை.

காஸ்பர் ஸ்டிக்கர்களைப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் குடையை விரிக்கத் திணறிக்கொண்டிருந்தவன், வழியனுப்ப வந்த இல்வாவைப் பார்த்ததும் நின்றான். கோபமாக ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

“அந்த மந்தமான துடிப்பு,” என்றான். “நிஜமாவே நல்லா இருந்துச்சா? இல்ல, என்னை மாட்ட வைக்கச் சொன்னியா?”

“நல்லா இருந்துச்சு, காஸ்பர். அதனாலதான் மாட்டினே.”

அவன் முகத்தில் வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. இப்படி வேலை தெரிந்த கையை எண்ணும் பொத்தான் காட்ட ஊர் ஊராக அனுப்பி வைத்திருக்கிறார்களே என்று நினைக்க அவளுக்கு எரிந்தது. அதைவிட, அவனும் போகிறானே என்பதில் இன்னும் எரிந்தது. மழையில் இறங்கி டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனான்.

இல்வா மேலே வந்தாள். கூட்ட அறை காலியாகியிருந்தது. சிக்ஸ்டன் மட்டும் மூலையில் உட்கார்ந்து, வசந்தத்தில் பெர்லினில் நடக்கப்போகும் ஏதோ மாநாட்டின் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். ஸ்கிம்ரா ஸ்டிக்கரை அதற்குள் சுரண்டி எடுத்துவிட்டான். பசைத் தடம் மட்டும், அடுத்ததற்கு இடம் பிடித்து வைத்ததுபோல, சதுரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தட்டில் கேக்கின் கடைசித் துண்டு இருந்தது. யாரோ ஏற்கெனவே பாதியாக்கியிருந்தார்கள். பக்கத்தில் கத்தி.

இல்வா கத்தியை ஒதுக்கி வைத்தாள். துண்டை முழுசாகக் கையில் எடுத்து, சிக்ஸ்டன் நிமிர்ந்து பார்க்கப் பார்க்க, நின்ற இடத்திலேயே தின்று முடித்தாள்.